ஊசி குத்திய பின் எழும் கேள்வி

குருதி எடுத்து முடிக்கும் வேளையில் நோயாளி கையை உதறுகிறார். ஊசி செவிலியரின் விரலில் ஏறிவிடுகிறது. சிறிது நேரத்தில் மருத்துவர் வந்து, எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சற்றுக் குருதி தர இசைவு உண்டா என்று நோயாளியிடம் கேட்கிறார். "எங்களைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?" என உறவினர் முகம் சிவப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

அந்தக் கோபத்தை நாங்கள் குறை கூறவில்லை. அடுத்த கட்டிலில் இருப்பவர் காதில் விழும்படி கேட்டுவிடும் பிழை எங்கள் பக்கமும் உண்டு. ஆயினும் அக்கேள்வி ஐயத்தால் எழுவதன்று. எவருடைய குருதியாயினும் கேட்கவே வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ளவரின் குருதி படிந்த ஊசி குத்தினாலும், தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000-இல் 3 மட்டுமே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ இதைவிடப் பன்மடங்கு. அதை எண்ணி உறக்கம் இழப்பவர் குறைவு என்பது வியப்பே. விரலைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். பிதுக்குவதும் வாயில் வைப்பதும் தவறு. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது நன்று. 72 மணி நேரம் கடந்தால் அதனால் பயன் எதிர்பார்க்க இயலாது. தொடங்கினால் 28 நாள் உட்கொள்ள வேண்டும்.

நோயாளியின் முடிவு தெரியும் வரை மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. முதல் வேளை மருந்தை உடனே கொடுத்துவிடுகிறார்கள். நோயாளிக்குத் தொற்று இல்லை என்று உறுதியானால் மருந்தை நிறுத்திவிடலாம். குமட்டலோடு கழியும் நாள்களும், மீண்டும் மீண்டும் பரிசோதித்து அஞ்சும் மாதங்களும் அச்செவிலியருக்கு மிச்சம். தாங்கள் தரும் சில துளிகள் செய்வது அதுவே. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி இசைவு தங்களுடையது. முடிவு மறைவாகக் காக்கப்படும். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வராது, வரலாகாது.

வீட்டில் இன்சுலின் போடுவோரிடமும் ஒரு வேண்டுகோள். குப்பைப் பையில் எறிந்த ஊசி தூய்மைப் பணியாளரின் கையைக் குத்தினால், அவர் எவரிடம் சென்று குருதி கேட்பார்? மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊசிகளைச் சேர்த்து வைத்து, அடுத்த முறை வரும்போது எங்களிடம் ஒப்படையுங்கள்.