லைசென்ஸ் இருக்கிறது, கார் தாங்குமா? கேரவன் இழுப்பதில் உள்ள எடைக் கணக்கு

கேரவன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. அதற்குச் சொந்த இன்ஜின் உண்டு. பிரிட்டனில் கேரவன் என்றால் பெரும்பாலும் இன்ஜின் இல்லாத, சக்கரம் வைத்த சின்ன வீடு. விடுமுறை வந்தால் குடும்பக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவார்கள்.

என்ன மாறியது?

1997 ஜனவரி 1 முதல் அங்கே கார் லைசென்ஸ் வாங்கியவர்கள், கனமான டிரெய்லரை இழுக்கத் தனியாக ஒரு டெஸ்ட் பாஸ் செய்ய வேண்டியிருந்தது. லாரி ஓட்டுநர் தட்டுப்பாடு கடுமையானபோது, தேர்வாளர்களின் நேரத்தை லாரி டெஸ்ட்டுகளுக்குத் திருப்ப அரசு முடிவு செய்தது. 2021 டிசம்பர் 16 முதல் அந்த டெஸ்ட் இல்லை. சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

ஆனால் 3,500 என்பது லைசென்ஸின் வரம்பு. உங்கள் காரின் வரம்பு அல்ல.

கார் எவ்வளவு இழுக்கலாம்?

முதலில், கார் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டக்கூடாது. அதற்குள்ளேயும், சாமான் ஏற்றிய கேரவனின் எடை காரின் சொந்த எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது பிரிட்டன் கேரவன் துறையின் பரிந்துரை. கார் 1,500 கிலோ என்றால், கேரவன் 1,275 கிலோ. பின்னால் வருவது கனமாக இருந்தால் அது காரை ஆட்டிவைக்கும்.

கேரவன் வாங்கும்போது இருந்த எடையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. கேஸ் சிலிண்டர், பேட்டரி, துணிமணி எல்லாம் சேரும். 40 லிட்டர் தண்ணீர் மட்டுமே 40 கிலோ. கிளம்பும் முன் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

சாமானை எங்கே வைப்பது?

கனமானவை கீழே, அச்சுக்கு மேலே. கேரவனின் மூக்கு கார் கொக்கியை அழுத்தும் எடை, மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். நம் கணக்கில் 64 முதல் 89 கிலோ. கொக்கியின் வரம்பு அதற்கும் குறைவு என்றால் அதுதான் எல்லை. மூக்கு லேசானால் கேரவன் வாலாட்டும். ரொம்பக் கனத்தால் காரின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி குறையும்.

ஆட ஆரம்பித்தால்?

பக்கக் காற்று அடிக்கும்போதோ பெரிய லாரி கடந்து போகும்போதோ கேரவன் பாம்பு போல நெளியலாம். அப்போது கால் தானாக பிரேக்கைத் தேடும். அழுத்திவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் மெல்லக் குறைய விடுங்கள். பிரிட்டனின் சாலை விதி நூலும் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தி, வேகத்தை நிதானமாகக் குறைக்கத்தான் சொல்கிறது.

அங்கே கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் மணிக்கு 96 கி.மீ., பிரிக்கப்படாத சாலையில் 80 கி.மீ. உச்ச வரம்பு. வித்தியாசம் 16 கி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 96-க்குப் போனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது.

நம்ம ஊரில் அதிக பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஆடிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரிட்டன் நீக்கியது டெஸ்ட்டை மட்டும்தான். தேர்வாளர் பார்த்துவந்த கணக்கை இனி ஓட்டுபவரே போட வேண்டும்.