பூமியும் பட்டாவும் ஓர் ஒலிபெருக்கியும்

சில மாதங்களுக்கு முன்னால் ஆபீஸ் கேன்டீனில் எத்தியோப்பியாக்காரர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து பிசிபேளா பாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊரில் அரசாங்க உத்தியோகம், பெங்களூருக்கு ஏதோ பயிற்சிக்காக வந்திருக்கிறார். காரத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசி முடித்ததும் கேட்டார்: "கர்நாடகாவில் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே நில ஆவணங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாமே? உங்கள் அப்பாவுக்கு நிலம் இருக்கிறதா? அதுவும் கம்ப்யூட்டரில் இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றேன்.

"தப்பாக இருக்கிறது" என்று சொல்ல வாய் வரவில்லை. பதினைந்து வருஷமாகப் பொட்டி தட்டிச் சம்பாதிக்கிறவன் வெளிநாட்டுக்காரரிடம் போய் அதை எப்படிச் சொல்வது? அன்றைக்கு முழுங்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கர்நாடக அரசின் 'பூமி' திட்டம் சாதாரண வேலை இல்லை. சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நிலப் பதிவுகளை 2000-க்கும் 2002-க்கும் இடையில் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அதுவரை அந்தக் கணக்கெல்லாம் ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தது. நம் ஊர் அடங்கல் மாதிரி, இங்கே 'பஹணி' என்று ஒரு காகிதம். பயிர்க்கடன் வாங்க, ஜாமீன் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கணக்கரைத் தேடிப் பிடித்து, 'கவனித்து', நாள் கணக்கில் அலைந்து வாங்கிக்கொண்டிருந்ததை, தாலுகா அலுவலகத்து ஜன்னலில் 15 ரூபாய் கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாங்கலாம் என்று ஆக்கினார்கள். பெயர் மாற்ற மனு கொடுத்தால் வரிசை எண் விழும். முன்னால் வந்தவரைத் தாண்டிப் பின்னால் வந்தவர் வேலையை முடிக்க முடியாதபடி மென்பொருளிலேயே பூட்டு. அதிகாரி உள்ளே நுழைய விரல் ரேகை. அந்தக் காலத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயம்தான்.

கையெழுத்துப் பிரதி இனிச் செல்லாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதும் முக்கியம். இரண்டும் செல்லும் என்று விட்டிருந்தால் பழைய ஆளிடமே எல்லோரும் போயிருப்பார்கள்.

இப்போது என் அப்பா கதை.

தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. கிராமத்தில் பூர்வீக நிலம் வைத்திருக்கிற யாரிடமும் இந்த மூன்று எழுத்தைச் சொல்லிப் பாருங்கள், ஒரு பெருமூச்சு வரும். நடுவில் 1980-இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. யாருக்கு எந்த வயல் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். (அவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை, கணக்கு அவர்கள் தலைக்குள் இருந்தது என்று சொல்கிறேன்.) அந்தச் சமயத்தில் எங்கள் தாத்தாவின் நிலத்தில் ஓர் உட்பிரிவு பக்கத்து வயல்காரர் பட்டாவில் ஏறிவிட்டது. உழுவது நாங்கள், பட்டா அவர் பேரில். அவர் நல்ல மனுஷன். "எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன் அண்ணே" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் செத்தும் போனார். இப்போது அவருக்கு ஐந்து வாரிசுகள், மூன்று ஊர்களில்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அந்தத் தப்பை ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே ஏற்றிக்கொண்டது. முன்பு தாலுகா ஆபீசில், "பழைய ரிஜிஸ்டரைப் பார்க்கலாம் ஐயா" என்றாவது சொல்வார்கள். இப்போது திரையைத் திருப்பிக் காட்டி, "சிஸ்டத்துல இப்படித்தான் இருக்கு" என்கிறார்கள். அப்பா போனில் என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, நீயும் சிஸ்டத்துலதானே வேலை பாக்குற, கொஞ்சம் மாத்திவிட முடியாதா?" சிரித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

காகிதத்தில் இருக்கும்வரை ஒரு தப்பு தப்பாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏறியதும் அதற்கு அதிகாரம் வந்துவிடுகிறது. நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் என் ஆபீஸ் வாசலிலேயே கிடைத்தது. அங்கே செக்யூரிட்டி வேலை பார்க்கும் பெரியவர் ஒருநாள் தரையைக் காட்டி, "இல்லி ராகி ஹொல இத்து சார்" என்றார். இங்கே கேழ்வரகு வயல் இருந்ததாம். இந்த இடம் இல்லை, கொஞ்சம் தள்ளி அவருக்கும் இரண்டு ஏக்கர் இருந்ததாம். ஒருநாள் தரகர் வந்தார். சர்வே நம்பர், பங்காளிகள் எத்தனை பேர், பேங்கில் கடன் எவ்வளவு என்று எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பெரியவருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த வழியாக ரோடு வரப்போகிறது என்பது.

பஹணியில் கடன் விவரத்துக்கென்றே ஒரு கட்டம் உண்டு. விவசாயிக்கு வசதியாக இருக்கட்டும் என்று திறந்து வைத்த தகவல், நிலம் தேடி அலைகிறவருக்கும் திறந்துதான் இருக்கிறது. யார் கஷ்டத்தில் இருக்கிறார், யாரைக் கேட்டால் விற்பார் என்று அதில் படித்துக்கொள்ளலாம். சாலமன் பெஞ்சமினும் வேறு சிலரும் 2007-இல் பூமி திட்டத்தைப் பற்றி எழுதிய ஆய்வும் இந்தத் திசையில்தான் போகிறது. அதிகாரம் கிராமத்திலிருந்து மேலே நகர்ந்தது, லஞ்சம் ஒழியவில்லை, பெங்களூரைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குகிறவர்களுக்கு வேலை சுலபமானது என்பது அவர்கள் வாதம். உலக வங்கிக்காரர்கள் பூமியைப் பாராட்டி எழுதியதும் உண்மை, இதுவும் உண்மை. நான் ஏசியில் உட்கார்ந்து இதைப் பேசுவதே அப்படி வாங்கப்பட்ட ஏதோ ஒரு வயலின் மேல்தான்.

தொழில்நுட்பம் வந்தால் ஏழைக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வதை நான் இதனால்தான் நம்புவதில்லை. ஏற்கெனவே கையில் பணமும் படிப்பும் இருக்கிறவன் அதை முதலில் பயன்படுத்திக்கொள்வான். மற்றவனுக்கும் அது பயன்பட வேண்டுமானால் தனியாக மெனக்கெட வேண்டும்.

மெனக்கெட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் அலை எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும் என்பார்கள், இல்லையா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தக் கணிப்பை எடுத்து, தமிழில் எழுதி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு குழாய் ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் தப்பித்தது. வெளியூரில் பிழைக்கிற ஒருத்தன், ஒரு போன், ஒரு ஸ்பீக்கர். வளர்ச்சிக்கான தகவல் தொழில்நுட்பம் என்று யாராவது பவர்பாயின்ட் போட்டால் எனக்கு இந்தக் காலைதான் ஞாபகம் வருகிறது.

இதே பெங்களூரில் நேர் எதிரான கதையும் உண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியைச் செய்தார்கள். லினக்ஸ், தொடுதிரை, இந்திய மொழிகளில் பேசும் வசதி, ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ள ஸ்மார்ட் கார்டு. 2001-இல் உலகமே கொண்டாடியது. 2004-இல் ஒரு வடிவம் கடைக்கு வந்தபோது ஆரம்ப விலையே பத்தாயிரம் ரூபாயைத் தொட்டது. சில ஆயிரங்கள்தான் விற்றன. செய்தவர்களின் திறமையில் குறை இல்லை. ஆனால் அதை வாங்கி என்ன செய்வது என்ற கேள்விக்குக் கிராமத்தில் பதில் இல்லை. மலிவான செல்போன் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த மலிவான போனை வைத்துக்கொண்டு கென்யாவில் என்ன செய்தார்கள் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் மக்கள் தாமாகவே டாக்டைமைப் பணம் மாதிரி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பேசா அதே பழக்கத்தின் மேல்தான் நின்றது. நைரோபியில் வேலை செய்கிறவர் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பட்டன் போனிலேயே பணம் அனுப்பினார். பெட்டிக்கடை ஏஜென்ட் ரொக்கமாகக் கொடுத்தார். நம் யு.பி.ஐ. வந்தது 2016-இல். யார் யாருக்குப் பாடம் எடுக்க வேண்டும்?

அந்த எத்தியோப்பிய நண்பரின் நாட்டிலேயே 1998-இல் டிக்ரே பகுதியில் தொடங்கி, கோடிக்கணக்கான விவசாய நிலங்களுக்குக் காகிதச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கயிறு போட்டு அளந்து, ஊர்க் கமிட்டியையும் பக்கத்து வயல்காரர்களையும் வரப்பில் நிற்கவைத்து, பல இடங்களில் கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுதினார்கள். ருவாண்டாவும் 2009-க்கும் 2013-க்கும் இடையில் சுமார் ஒரு கோடி மனைகளை இப்படி ஊரார் முன்னிலையில் வரையறுத்தது. கஷ்டமான பாதி அதுதான். கம்ப்யூட்டரில் ஏற்றுவது சுலபமான பாதி. நாம் பல இடங்களில் சுலபமான பாதியை மட்டும் செய்துவிட்டு விருது வாங்கினோம்.

இப்போது பெங்களூரிலிருந்து அடுத்த சரக்கும் போகிறது. ட்ரிபிள் ஐ.டி. பெங்களூரில் 2018-இல் தொடங்கிய 'மோசிப்' என்ற திறமூல மென்பொருளை வைத்து மொராக்கோ, எத்தியோப்பியா, டோகோ போன்ற நாடுகள் தங்கள் அடையாள அட்டைத் திட்டங்களைக் கட்டுகின்றன. நல்ல விஷயம், இலவசமாகக் கொடுப்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் கூடவே 2017-இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் இறந்த 11 வயதுச் சிறுமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆதாருடன் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. பட்டினிச் சாவு என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. அட்டை ரத்தானதில் சந்தேகம் இல்லை. கென்யாவில் இதே மாதிரியான 'ஹுடுமா நம்பா' திட்டத்தை எதிர்த்து நூபியச் சமூகத்தினரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். சரியான சட்டப் பாதுகாப்பு வரும்வரை செயல்படுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பழைய அடையாள அட்டை வாங்கவே தனி விசாரணைக்கு ஆளானவர்கள் அவர்கள். புதிய கம்ப்யூட்டரும் தங்களை வெளியே நிறுத்தும் என்று பயந்ததில் என்ன தப்பு?

நான் சொல்வது இவ்வளவுதான். ஆப்பிரிக்க நாடுகளுக்கு நம் மென்பொருளை அனுப்புங்கள். கூடவே நம் தப்புகளின் பட்டியலையும் ஒளிக்காமல் அனுப்புங்கள். பதிவேற்றும் முன் ஊர் நடுவில் வாசித்துக் காட்டுங்கள். திரையில் இருப்பது தப்பு என்று ஒரு விவசாயி சொன்னால் எத்தனை நாளில், யார் திருத்துவார் என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். மெஷின் வேலை செய்யாவிட்டால் அரிசி நிற்கக் கூடாது என்று சட்டத்திலேயே போடுங்கள். இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். ஆனால் இது இல்லாமல் எந்தத் தொழில்நுட்பமும் உருப்படாது.

அந்த நண்பர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரி: "அன்று நீங்கள் என் அப்பாவின் நிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பாதிதான் சொன்னேன்."

இன்றைக்கு அனுப்பிவிடுவேன். அப்பா நாளைக்கு மறுபடி தாலுகா ஆபீசுக்குப் போகிறார்.