'கெட்' கெட்ட வார்த்தை இல்லை

இது நீளமான பதிவு. டீச்சர் எழுதியது என்பதற்காகப் படிக்காமலே லைக் போட்டுவிட்டு நகர வேண்டாம். நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாவது படிக்கும் அவள் பேத்தி மூலையில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நோட்டைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "கெட்னா பெறு, கெட்னா அடை, கெட்னா வாங்கு, கெட்னா ஆகு, கெட்னா புரிஞ்சுக்கோ..." இப்படி நாற்பத்தொரு அர்த்தம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கொடுத்த பட்டியலாம். மறுநாள் டெஸ்ட். விட்டுப்போகும் ஒவ்வொன்றுக்கும் பத்து முறை இம்போசிஷன்.

"ஆச்சி, இருபத்தெட்டு வரைக்கும் வருது. அதுக்கு மேல மறந்து மறந்து போகுது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"சரி, அதை மூடி வை. மழையில நனைஞ்சுட்டேன், இதை இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன்.

யோசித்தாள். "ஐ ஆம்... ரெயின்..." என்று இழுத்தாள். பிறகு கேட்டாள்: "ஆச்சி, அது லிஸ்ட்ல எத்தனாவது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரியே நம் குடும்பக் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது, பார்த்திருப்பீர்கள். "ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு 645 அர்த்தம்! உலகில் எந்த மொழிக்கு இந்த வளம் உண்டு?" கீழே வரிசையாகக் கைதட்டல். அந்த நோட்டும் இந்த ஃபார்வர்டும் ஒரே நோய்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். எண் பொய் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள் பிரித்திருப்பதாக 2011இல் செய்தி வந்தது. அதற்கு முன், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430. ஆனால் அந்த அகராதி எதற்காக என்று யோசித்தீர்களா? நூற்றாண்டுக் கணக்கான ஆங்கில எழுத்தில் ஒரு சொல் எங்கெங்கே எப்படி வந்தது என்று தேடிப் பதிந்து வைக்கும் களஞ்சியம் அது. மனப்பாடம் செய்ய அல்ல. லண்டனில் இருக்கும் எந்தக் குழந்தையும் அந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வயதில் "கெட் டௌன்", "கெட் மை பால்" என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் 'அடி'யை இப்படிப் பட்டியல் போட்டு ஒரு வெள்ளைக்காரரிடம் கொடுங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது. வெள்ளை அடித்தான், பெட்ரோல் அடித்தான், மொட்டை அடித்தான், காப்பி அடித்தான், கண் அடித்தான், ஜோக் அடித்தான், லாட்டரி அடித்தது. "வெயில் யாரை அடிக்கிறது? எதற்காக?" என்று அவர் கேட்பார். நாம் இதை யாரிடம் மனப்பாடம் செய்தோம்? அன்றாடம் புழங்கும் வினைச்சொல் எந்த மொழியிலும் இப்படித்தான் கிளை விடும். இதில் ஆங்கிலத்துக்குத் தனிப் பெருமையும் இல்லை, தமிழுக்குக் குறைச்சலும் இல்லை.

இனி, பட்டியல் விற்பவர்களிடம் வருகிறேன். அதற்கு முன்னால் என் கணக்கை நானே சொல்லிவிட வேண்டும்.

பல வருஷம் முன்பு, ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. கட்டுரைத் தலைப்பு, மழை நாள். ஒரு பெண் கைடைப் பார்க்காமல் சொந்தமாக எழுதியிருந்தாள். "ஐ காட் அப் லேட். ஐ காட் வெட். ஐ காட் எ ஸீட் இன் தி பஸ். ஐ காட் ஹோம் அட் சிக்ஸ். மை மதர் காட் ஆங்ரி." (இந்தக் காட் சாமி இல்லை, கெட்டின் இறந்தகாலம்.) ஐந்து வாக்கியம், ஐந்து காட். ஐந்தையும் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். "உனக்கு வேறு வெர்பே தெரியாதா?" என்று ஓரத்தில் எழுதினேன். அதோடு விட்டேனா? வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு காட்டுக்கும் வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தப் பேப்பரில் தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. ஐந்தும் சுத்தமான ஆங்கிலம். இங்கிலாந்தில் பிறந்த பிள்ளையும் அதைத்தான் எழுதும். 'கெட்' தாழ்ந்த சொல், கட்டுரையில் வரக்கூடாது என்று எனக்கு என் டீச்சர் சொல்லியிருந்தார், அவருக்கு அவர் வாத்தியார். இங்கிலாந்துப் பள்ளிகளிலேயே 'கெட்', 'நைஸ்' இரண்டையும் எழுதாதே என்று விரட்டிய வாத்தியார்கள் உண்டு. அந்த விரட்டல் கப்பலேறி நம்மிடம் வந்து, நம்மிடம் சட்டமாகிவிட்டது.

அதன் பிறகு அந்தப் பெண் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. கைடில் உள்ளதை அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினாள். நானும் "இப்போதான் உருப்பட்டே" என்று பாராட்டினேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறாள். (அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.) சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அங்க பேஷன்ட்ஸ் எல்லாரும் கெட்தான் டீச்சர் சொல்றாங்க. 'கெட் மீ சம் வாட்டர்', 'ஐ கான்ட் கெட் அப்', 'ஆம் ஐ கெட்டிங் பெட்டர்?' எல்லாமே புரியும். ஆனா பதில் சொல்லப் போனா என் வாயில அந்த வார்த்தை வராது. உங்க சிவப்பு வட்டம் கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கும். 'யூ வில் கெட் பெட்டர்'னு சொல்ல எனக்கு மூணு மாசம் ஆச்சு."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலியில் படுத்திருப்பவருக்கு "உங்களுக்குச் சரியாயிடும்" என்று சொல்ல வேண்டிய நான்கு சொல்லை, என் மாணவியின் வாயிலிருந்து நான் பிடுங்கி வைத்திருந்தேன். அன்றே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, விடுங்க டீச்சர்" என்றாள். விடக்கூடிய விஷயம் இல்லை.

அன்று நான் அந்தச் சொல்லைத் தடை செய்து பயமுறுத்தினேன். இன்று அதையே நாற்பத்தொன்றாக நறுக்கிப் பயமுறுத்துகிறார்கள். இரண்டிலும் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

எனக்கு ஒரு வகுப்பு நேரம் கொடுத்தால் இப்படித்தான் சொல்லித் தருவேன்.

'கெட்' என்றால், இல்லாத ஒன்றுக்கு வந்து சேர்வது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். பொருள் வந்து சேரலாம்: காட் எ லெட்டர், காட் எ ஜாப், காட் எ கோல்ட். இடத்துக்கு நாம் வந்து சேரலாம்: காட் ஹோம், காட் ஆன் தி பஸ், காட் அப். ஒரு நிலைமைக்கு வந்து சேரலாம்: காட் வெட், காட் ஆங்ரி, காட் ஓல்ட். விஷயம் மண்டைக்கு வந்து சேர்ந்தால் "ஐ காட் இட்". அடுத்தவரை ஒரு வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தால் "ஐ காட் ஹிம் டு கம்", அதாவது வர வைத்தேன். அந்த நோட்டின் நாற்பத்தொன்றில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதை அந்த நோட்டு சொல்லவே இல்லை. நாம் "எனக்கு வேலை கிடைத்தது", "எனக்குக் காய்ச்சல் வந்தது", "எனக்குப் புரிந்தது" என்கிறோம். வேலைதான் கிடைக்கிறது, காய்ச்சல்தான் வருகிறது. நான் 'எனக்கு' என்று ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் அந்த 'எனக்கு' முன்னால் வந்து 'ஐ' ஆகிவிடும். "ஐ காட் எ ஜாப்." இந்த ஒரு திருப்பத்தை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால் பாதி தூரம் கடந்த மாதிரி.

மீதிப் பாதிக்கு நம்மிடமே ஒரு சாவி இருக்கிறது. அது 'படு'. கோபப்பட்டாள், காட் ஆங்ரி. பயப்பட்டான், காட் ஸ்கேர்ட். அடிபட்டான், காட் ஹர்ட். கடன்பட்டான், காட் இன்டு டெட். சம்பந்தப்பட்டான், காட் இன்வால்வ்ட். திருடன் பிடிபட்டால் கெட் காட். இத்தனை வருஷம் வகுப்பில் நின்றும் இது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தோன்றியது. தெருவில் யாராவது "பையன் பைக்கில் அடிக்கப்பட்டான்" என்கிறோமா? "அடிபட்டான்" என்கிறோம். அங்கேயும் அதே மாதிரிதான். "ஹி வாஸ் ஹிட்" என்றால் போலீஸ் ரிப்போர்ட் வாசனை. "ஹி காட் ஹிட்" என்றால் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு.

இந்தச் சொல் இல்லாமல் சொல்ல முடியாத இடமும் உண்டு. "தே வேர் மேரிட்" என்றால் ஏற்கெனவே கல்யாணமாகி இருந்தார்களா, அப்போதுதான் ஆனதா என்று குழப்பம் வரும். "தே காட் மேரிட்" என்றால் கல்யாணம் ஆச்சு, அவ்வளவுதான். சந்தேகத்துக்கு இடமில்லை.

இதன் பூர்வீகமும் பெரிய இடம் இல்லை. கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள், வைக்கிங்குகள் என்போமே, அவர்கள் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட சொல். அரண்மனையில் இல்லை, அக்கம்பக்கத்துப் பேச்சில் வளர்ந்தது. 'ஃபர்கெட்' இதற்குப் பங்காளி: கையில் கிடைத்த பிடி நழுவிப்போவது. அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் 'காட்டன்' என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள். பருத்தி இல்லை, அது கெட்டின் பழைய வடிவம். இங்கிலாந்தில் பெரும்பாலும் வழக்கொழிந்து அங்கே உயிரோடு இருக்கிறது.

கமென்ட்டில் என்ன வரும் என்று தெரியும். "டீச்சர், ஆபீஸ் லெட்டரில் கெட் எழுதலாமா?" வேண்டாம். "உங்கள் கடிதம் கிடைத்தது" என்பதற்கு அங்கே 'ரிசீவ்டு'தான் அழகு. வீட்டு உடுப்பு வேறு, கல்யாண உடுப்பு வேறு. அதற்காக வீட்டிலும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு திரிய முடியுமா? 'கெட்' வரும் இடமெல்லாம் 'அப்டெயின்' போட்டு எழுதினால், டீக்கடையில் போய் "ஒரு தேநீரைப் பெற்றுக்கொள்ள விழைகிறேன்" என்று சொன்ன மாதிரி இருக்கும்.

"எல்லாமே ஒரு பொருளில் அடங்கிவிடுமா?" அடங்காது. 'கெட் ஓவர்', 'கெட் அவே வித்', 'கெட் அலாங்' எல்லாம் தனித்தனியாகப் பழக வேண்டியவை. ஆனால் வாக்கியமாக, கதையாக, பேச்சாகப் பழக வேண்டும். வாரத்துக்கு இரண்டு போதும். நம் பிள்ளைகள் 'தண்ணி அடி'க்கும் 'தண்ணி தெளி'க்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியல் பார்த்தா கற்றுக்கொண்டார்கள்?

"மனப்பாடம் செய்யாமல் எது வரும் டீச்சர்?" வாய்ப்பாடு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஏழெட்டு ஐம்பத்தாறு எந்த ஊரிலும் மாறாது. சொல் அப்படி இல்லை, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். தனியாகப் பிடுங்கி நோட்டில் ஒட்டினால் காய்ந்த இலைதான் மிஞ்சும். இதற்கு மாதக் கட்டணம் வேறு. அந்தப் பணத்துக்குப் படம் போட்ட நாலு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

இப்போது நான் கேட்க வந்தது. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். இன்னும் பலர் அப்பா, அம்மா. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்தால் இன்று ராத்திரி மூடி வையுங்கள். பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன நடந்தது, அஞ்சு வரி இங்கிலீஷ்ல சொல்லு" என்று கேளுங்கள். ஐந்து வரியிலும் 'காட்' வந்தால் வரட்டும். திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். முதலில் பேசட்டும். வேறு சொற்கள் பின்னால் தானே வந்து சேரும். ஆசிரியர்களே, சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், இது தப்பா, இல்லை எனக்குப் பிடிக்கவில்லையா என்று யோசியுங்கள்.

தங்கை பேத்தி அந்த டெஸ்டில் முப்பத்திரண்டு எழுதி, ஒன்பது விட்டாள். இம்போசிஷன் உண்டு. நேற்று போனில் கூப்பிட்டாள். "ஆச்சி, ஐ காட் வெட் டுடே. அம்மா காட் ஆங்ரி" என்றாள். நூற்றுக்கு நூறு போட்டேன்.

என் கையால் சிவப்பு வட்டம் வாங்கிய மற்றவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யார் யார் என்று கமென்ட்டில் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.

எல்லாரும் நல்லா இருங்க.

உங்கள் இங்கிலீஷ் டீச்சர்