வீட்டு மொழியைக் காப்பக வாசலில் பறிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க முன்பள்ளிகளில் ஸ்பானிஷுக்கு இடம் தரக்கூடாது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு முதல் நாளிலிருந்தே ஆங்கிலம் மட்டும் போதும், இரண்டு மொழி கலந்தால் குழந்தை குழம்பிப்போகும், அதற்கு அரசுப் பணத்தைக் கொட்டுவது வீண் என்கிறார் கட்டுரையாளர். கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பண்ணைத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். அந்தக் கட்டுரையை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

அது வெளிவந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என்று அதிபரின் ஆணை வந்தது. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவி செய்யும்படி அரசு அமைப்புகளை வற்புறுத்திய 2000ஆம் ஆண்டு ஆணை அதோடு ரத்தானது. ஜூலையில் ஹெட் ஸ்டார்ட் என்ற முன்பள்ளித் திட்டத்தின் மீது கை வைத்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்காக 1965இல் அதிபர் ஜான்சன் ஆட்சியில் தொடங்கிய இந்தத் திட்டம், குழந்தையின் குடியேற்ற நிலையைக் கேட்டதே இல்லை. இனி முறையான காகிதம் இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை என்று சுகாதாரத் துறை அறிவித்தது. செப்டம்பரில் ரோட் ஐலண்டிலும் சியாட்டிலிலும் நீதிபதிகள் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் நீதிமன்றத் தடை வந்த செய்தி எல்லாப் பெற்றோரையும் எட்டவில்லை. பெயர் பதியக் கூப்பிட்டால், வேண்டாம் என்று ஒதுங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். ஐந்து வயதுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சேர 1982இல் உச்ச நீதிமன்றம் தந்த பாதுகாப்பு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு அப்படி ஒரு தீர்ப்பின் துணை இல்லை. இந்த நிலையில், ஸ்பானிஷ் பேசும் குழந்தைக்காக ஆகும் செலவே வீண் என்று ஒரு தமிழ் இதழ் எழுதுவதை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கட்டுரையாளர் நேரில் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார். வசந்தம் பிறந்தால் லெட்யூஸ், ஸ்ட்ராபெரி என்று வயல் வயலாக ஆள் தேவைப்படும். விடியுமுன்னே பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் தாய் திரும்பும்போது தலைத்துணியிலும் பூட்ஸிலும் மண் அப்பியிருக்கும். என்னோடு இருக்கும் ஆசிரியை அவளிடம் ஸ்பானிஷில் சொல்வார்: மதியத்திலிருந்து பிள்ளை வலது காதையே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான், காய்ச்சல் இல்லை, பால் மட்டும்தான் குடித்தான், ராத்திரி அழுதால் காலையில் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். தாய் சட்டென்று, போன மாதமும் இதே காதில் சீழ் வந்தது, கிளினிக்கில் கொடுத்த மருந்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்பாள். மருந்தின் பெயர் அன்றைக்கே அவன் கோப்பில் ஏறும். இதை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் அந்தத் தாய் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பாள், எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கட்டுரையாளர் வீண் செலவு என்பது இந்தப் பேச்சைத்தான்.

ஹெட் ஸ்டார்ட் விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஒரு வகுப்பில் பெரும்பான்மைக் குழந்தைகள் ஒரே மொழி பேசினால், அந்த மொழி தெரிந்த ஒருவராவது அங்கே பணியில் இருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு ஆங்கிலமும் வளர வேண்டும், வீட்டு மொழியும் வளர வேண்டும். குழந்தையின் வளர்ச்சியைச் சோதிக்கும்போதும் அவனுக்குத் தெரிந்த மொழியில் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசி விதி அற்பமானதல்ல. ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் வாயே திறக்காத குழந்தையைப் பேச்சு வராத குழந்தை என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். அதே குழந்தை தன் தாத்தாவின் லாரியைப் பற்றி ஸ்பானிஷில் நிறுத்தாமல் பேசுவான். மெக்ஸிகோவின் வஹாக்காவிலிருந்து வந்த மிஸ்டெக் மொழிக் குடும்பங்களும் இங்கே நிறைய. அவர்களுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. அவர்கள் விஷயத்தில் நாங்கள் செய்வது போதாது என்பது என் வருத்தம்.

குழப்பம் என்ற வாதத்துக்கு வருகிறேன். வீட்டிலோ காப்பகத்திலோ இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்புகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. இருமொழிக் குழந்தையின் சொற்களை ஒரே மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். அதே ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா குல் குழுவினர் மாட்ரிட் நகர அரசு மழலையர் மையங்களில் நடத்திய ஆய்வும் வெளிவந்தது. ஸ்பானிஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த கைக்குழந்தைகளோடு நாளுக்கு ஒரு மணி நேரம், 18 வாரம், ஆங்கிலத்தில் விளையாடினார்கள். குழந்தைகள் ஆங்கிலம் பேசத் தொடங்கின, ஸ்பானிஷ் வளர்ச்சியும் குன்றவில்லை. மாட்ரிட் குழந்தைக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஸ்பானிஷைப் பறிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சலினாஸ் குழந்தை என்றால் மட்டும் ஏன் தோன்றுகிறது?

எங்கள் வகுப்பில் ஒரே படக்கதையைத் திங்கட்கிழமை ஸ்பானிஷிலும் செவ்வாய்க்கிழமை ஆங்கிலத்திலும் படிப்போம். முதல் நாள் கதை புரிந்துவிடுவதால் மறுநாள் ஆங்கிலச் சொற்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும். கரடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்பதற்குள் நாலைந்து பேர் எழுந்து வந்து படத்தில் விரல் வைத்துவிடுவார்கள். ஆங்கிலம் வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கட்டுரையாளர் கேட்கும் ஆங்கிலம் மட்டும் என்ற முறை கலிஃபோர்னியாவுக்குப் புதிதல்ல. 1998இல் 227ஆம் முன்மொழிவை 61 சதவீத வாக்காளர்கள் ஏற்று, பள்ளிகளில் இருமொழிக் கல்வியைக் கிட்டத்தட்ட மூடினார்கள். 2016இல் ஏறத்தாழ 73 சதவீதம் பேர் வாக்களித்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்று பெற்றோராகி எங்களிடம் வருகிறார்கள். பாட்டியிடம் பேச மொழி இல்லாமல் வளர்ந்தோம், எங்கள் பிள்ளைக்காவது ஸ்பானிஷ் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறார்கள். இதே மாநிலம் 2011இல் சட்டம் போட்டு, இரண்டு மொழி தெரிந்த உயர்நிலைப் பள்ளி மாணவரின் பட்டயத்தில் தங்க முத்திரை பதிக்கிறது. நான்கு வயதில் இருந்த மொழியை அழித்துவிட்டுப் பதினேழு வயதில் எந்த மொழிக்கு முத்திரை குத்துவது?

நம்மவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷும் கற்பிக்கும் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைக்காதா என்று காத்திருக்கும் தமிழ்ப் பெற்றோரை எனக்குத் தெரியும். வார இறுதியில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கூட்டிப்போகிறவர்களும் அவர்களே. நம் பிள்ளைக்குத் தமிழும் வேண்டும், ஸ்பானிஷும் வேண்டும். லெட்யூஸ் அறுப்பவரின் பிள்ளைக்கு அவன் தாயின் மொழிகூட வேண்டாம் என்பது என்ன நியாயம்? அந்தத் தாய்க்குக் கட்டணப் பள்ளியும் எட்டாது, வார இறுதியும் கிடையாது. அவளுக்கு இருப்பது இந்தக் காப்பகம் ஒன்றுதான்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2024 ஏப்ரலிலிருந்து கலிஃபோர்னியாவின் பெரிய துரித உணவகச் சங்கிலிகளில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர். இரண்டு மொழியில் குழந்தை வளர்க்கும் காப்பகப் பெண்கள் பலர் அதைவிடக் குறைவாக வாங்குகிறார்கள். நல்ல ஆசிரியைகள் பர்கர் கடைக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் இதழ் கண்டிக்க வேண்டியது இதை.

அடுத்த இதழில் இரண்டு காரியம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்ற கூற்று தவறு என்று திருத்தம் வெளியிடுங்கள். கலிஃபோர்னியாவில் வாக்குரிமை உள்ள வாசகர்கள், ஹெட் ஸ்டார்ட் கதவைக் குழந்தைகளுக்கு அடைக்கக்கூடாது என்றும், இருமொழி ஆசிரியைகளுக்கு ஊதியத்தை உயர்த்த வேண்டும் என்றும் தங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்கும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதும்படி ஆசிரியர் பக்கத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சலினாஸ், கலிஃபோர்னியா