கூலிக்குக் கட்டடமே பிணை

தேசிய குறைந்தபட்ச வேதனம் நாளொன்றுக்கு 700 ரூபாவாக இருந்தது போய், 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 1,200 ரூபாவாகவும் உயர்ந்ததைத் தொழிலாளர் வாழ்விலே ஒரு புது யுகத்தின் உதயமாக மேடைதோறும் வர்ணிக்கின்றவர்கள், வாகரைப் பக்கம் ஒருமுறை வந்து, வர்ணம் பூசும் வேலைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய வாலிபர்களை விசாரித்தறிய வேண்டும். அவர்களுக்குப் பேசப்பட்ட கூலி இந்த 1,200 ரூபாவிலும் எவ்வளவோ கூடியது. பேசிய கூலி கைக்கு வரவில்லை என்பதே அவர்களுடைய முறையீடு. கொடுக்கப்படாத கூலியின் வீதத்தைச் சட்டம் எத்தனை முறை உயர்த்தினாலும் அவர்கள் வீட்டு அடுப்பு எரியப் போவதில்லை.

சுனாமியும், அதனை அடுத்து 2006, 2007ஆம் ஆண்டுகளின் யுத்தமும் வீடுவாசல்களை அழித்துச் சென்ற, வாகரை அடங்கிய இந்தக் கோறளைப்பற்று வடக்கிலே, வாவியையும் கடலையும் சேனைப் பயிரையும் மாத்திரம் நம்பி ஜீவனம் நடத்த இயலாத நிலையில், புனர்நிர்மாண வீடுகளில் மேசன்மாருக்குக் கையாளாக நின்று தூரிகை பிடிக்கப் பழகி, பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்த காலத்தில் அதையே தொழிலாக வரித்துக்கொண்டவர் பலர். கதிரவெளியிலும் பனிச்சங்கேணியிலும் மாங்கேணியிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு.

வேலை பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாட்களில் முடிந்துவிடும். ஆட்களைச் சேர்த்து வேலை செய்விக்கும் ஒரு பாஸ் தொலைபேசியில் அழைப்பார், சாப்பாடும் பஸ் காசும் தன் பொறுப்பென்பார், கடிதமுமில்லை, கையொப்பமுமில்லை. பழைய சுவரைச் சுரண்டித் தேய்க்கும்போது கண்ணிலும் தொண்டையிலும் இறங்கும் சுண்ணாம்புத் தூசிக்கு முகத்தில் கட்டிய துணித்துண்டே காப்பு. வேலைக்கு வந்த நாட்களைப் பையன்கள் பாடசாலைக் கொப்பியின் கடைசித் தாளில் கோடு போட்டு வைப்பார்கள். பாஸின் கணக்கிலோ மழை பெய்த நாள் அரைநாளாகவும், பெயின்ற் வந்து சேரும்வரை காத்திருந்த நாள் வேலையற்ற நாளாகவும் மாறியிருக்கும். கடைசிப் பூச்சு முடிந்த அன்று, அதுவரை எவர் கண்ணுக்கும் படாத திட்டுகள் சுவரிலே திடீரென்று தோன்றும். சிந்திய பெயின்றுக்குக் கழிவு, தேய்ந்த தூரிகைக்குக் கழிவு, தன் பொறுப்பென்று சொன்ன சாப்பாட்டுக்கும் கழிவு. எஞ்சியதற்கு, "தம்பி, மேலேருந்து காசு இன்னும் விடல்ல, வெள்ளிக்கிழம வாங்க" என்ற பதில். வெள்ளிக்கிழமை போனால் பாஸ் வேறு ஊரில், வேறு வேலையில். இருமுறை பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அலைந்தவன் மூன்றாம் முறை போவதில்லை.

இந்த அநீதி மற்றெல்லாத் தொழிலாளரையும் விட வர்ணம் பூசுவோர் மீதே அதிகமாக விழுவதற்கு ஒரு காரணமுண்டு. நம் பொருளாதார நிபுணர்கள் அதனை ஆராய்ந்ததாக நான் கண்டதில்லை. கட்டட வேலையிலே கடைசியாக உள்ளே வருபவன் வர்ணம் பூசுபவனே. அத்திவாரத்தில் மிகுந்த செலவும், கூரையில் ஏறிய விலையும், கொந்தராத்துக்காரர் முதலில் போட்ட தவறான மதிப்பீடும் ஆகிய யாவும் சேர்ந்து பணப்பையைக் காலியாக்கிய பின்னரே அவன் ஏணியில் ஏறுகிறான். மேசனுக்குப் பாக்கி வைத்தால் அடுத்த நாள் சுவர் எழாது. தச்சனுக்குப் பாக்கி வைத்தால் கதவு அவன் பட்டறையை விட்டு வராது. வர்ணம் பூசியவனுக்குப் பாக்கி வைத்தால், வேலைதான் முடிந்துவிட்டதே, யாருக்கு என்ன நஷ்டம்? பூசியதை அவன் சுரண்டி எடுத்துக்கொண்டு போகவும் முடியாது.

சட்டம் இல்லையா என்றால், ஏட்டளவில் தாராளமாக உண்டு. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் கூலியை உரிய காலத்துக்குள் கொடுத்துத் தீர்க்கும்படி விதிக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் செலுத்த வேண்டிய 12 வீதம், தற்காலிக ஊழியனுக்கும் உரியதுதான். கூலிப் பாதுகாப்புப் பற்றிய 1949ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1983இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பாதுகாப்பின் முக்கிய அம்சங்கள் எல்லாம் நீண்டகால ஊழியனையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. 1971ஆம் ஆண்டின் தொழில் முடிவுறுத்தல் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடங்களையும், ஓராண்டில் 180 நாள் வேலை செய்யாதவனையும் தீண்டுவதில்லை. பணிக்கொடைக்கு 5 ஆண்டுச் சேவை வேண்டும். பன்னிரண்டு நாள் வேலை செய்தவன் எந்தக் கதவைத் தட்டுவான்? ஏறத்தாழ 60 கிலோமீற்றர் பயணம் செய்து மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தாலும், வேலைகொள்வோர் யார் என்ற முதற் கேள்விக்கே அவனிடம் பதிலில்லை. பாஸின் முழுப்பெயர்கூட அவனுக்குத் தெரியாது. தொலைபேசி இலக்கம் மாத்திரம் தெரியும், அதுவும் இப்போது வேலை செய்யாது. முறைப்பாடுகள் குறைவென்று அதிகாரிகள் திருப்தியடைகிறார்கள். முறையிட வழியில்லை என்பதற்கே அக்குறைவு சான்று.

ஆதலால் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பிடிக்க வேண்டுமென்பது என் நெடுநாளைய வாதம். ஆள் ஓடுவான், கட்டடம் ஓடாது. இது நூதனமான யோசனையுமன்று. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனை நிர்மாணிக்கத் தொடங்கிய காலத்தில், 1791ஆம் ஆண்டிலேயே மேரிலாந்துச் சட்டசபை, கட்டடம் எழுப்பியவர்க்குத் தரவேண்டிய தொகை தீரும்வரை அக்கட்டடத்தின் மீதே அவர்களுக்குப் பாத்தியதை உண்டென்று சட்டம் இயற்றியது. அன்றிலிருந்து அந்நாட்டின் மாநிலங்கள் யாவும் ஏதேனுமொரு வடிவில் அவ்வழியைப் பின்பற்றியுள்ளன. பாக்கி பதிவு செய்யப்பட்ட கட்டடத்தை விற்கவோ ஈடு வைக்கவோ முனையும் உரிமையாளன் முதலில் அந்தப் பாக்கிக்கு விடை காண வேண்டியவனாகிறான். ஹொங்கொங்கிலே கட்டட வேலையில் உப கொந்தராத்துக்காரன் கூலி கொடாது போனால், முதல் இரண்டு மாதக் கூலிக்குப் பிரதான கொந்தராத்துக்காரனே பொறுப்பாளி. இவ்வளவு தூரம் போவானேன்? பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவின் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரன் கைவிட்ட கூலியை முதன்மை வேலைகொள்வோரே கொடுத்து, அதனைப் பின்னர் ஒப்பந்தக்காரனிடம் அறவிட்டுக்கொள்ளும்படி பணித்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்திருக்கும் ஒரு நியாயம் இந்த வாவிக்கரைக்கு மட்டும் வந்து சேராததற்கு, நம்மை ஆள்வோரின் அசிரத்தையைத் தவிர வேறு காரணம் யாது?

முதலீட்டாளர் அஞ்சி ஓடுவர் என்று ஒரு கூட்டம் சொல்லும். ஏழையின் பன்னிரண்டு நாட்கூலியைக் கொடுக்க அஞ்சி ஓடுகிற முதலீடு வராதிருப்பதே இப்பிரதேசத்துக்குச் சேமம். பாஸ்மாரும் ஏழைகளே, அவர்களுக்கும் மேலிருந்து பணம் வருவதில்லை என்று இன்னொரு கூட்டம் பரிந்து பேசும். அது உண்மையாயின் என் வாதத்துக்கே அது பலம். மேலிருப்பவரைப் பொறுப்பாளியாக்கத்தானே சொல்கிறேன்! எழுத்துமூல ஒப்பந்தமின்றி வேலைக்குப் போனது பையன்களின் குற்றமென்று கூறும் சட்டத்தரணிகளுக்குப் பதில் சொல்வதும் வீண். வீட்டில் அரிசி இல்லாதவன் ஒப்பந்தப் பத்திரம் கேட்டால் அந்த வேலை அடுத்தவனுக்குப் போய்விடும் என்பதை அறியாதவர்களோடு விவாதிக்க இடமில்லை.

செய்ய வேண்டியது எளிது. முடிந்த கட்டடத்துக்கு உள்ளூராட்சி மன்றம் இணக்கச் சான்றிதழ் வழங்குகிறது. நீர் வடிகாலும் சுவரிடைவெளியும் அதற்காகப் பரிசோதிக்கப்படுகின்றன. அத்துடன் வேலை செய்தோரின் பெயரும், நாட்களும், கூலி பெற்றதற்கான கையொப்பமும் உள்ள ஓர் இடாப்பையும் உரிமையாளர் சமர்ப்பிக்க வேண்டுமென்று விதித்து, பாக்கியுள்ள கட்டடத்துக்குச் சான்றிதழையும் விடுதியெனில் வியாபார அனுமதிப்பத்திரத்தையும் நிறுத்தி வைத்தால், கூலி ஏய்ப்பு ஒரே ஆண்டில் இம்மாவட்டத்தை விட்டு அற்றுப்போகும். நாடு முழுமைக்குமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றட்டும். அதுவரை கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபை கொழும்பின் கடிதத்துக்காகக் காத்திருக்க நியாயமில்லை. அடுத்த அமர்விலேயே இதனைப் பிரேரணையாகக் கொண்டுவந்து, எதிர்த்து வாக்களிக்கும் உறுப்பினர் எவரெவர் என்பதையும் ஊரறியச் செய்யட்டும்.