கொரியக் கண்ணீரும் எமது கல்நெஞ்சும்

2022 இல் வெளிவந்த ‘தி குளோரி’ என்னும் கொரியத் தொடரைக் கண்டு கண்ணீர் உகுத்தோம். சக மாணவியைச் சுட்டுப் பொசுக்கியோர் மட்டுமா அதில் கொடியர்? முறையிட்டவளையே அறைந்த ஆசிரியரையும், பணம் பெற்றுக்கொண்டு விலகற் பத்திரத்தில் ஒப்பமிட்ட தாயையும் அன்றோ அத்தொடர் கூண்டில் ஏற்றுகின்றது!

இவர்கள் எமக்கு அந்நியரா? 1997 இல் பேராதனையில் பகிடிவதைக்கு ஆளான தமிழ் மாணவன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். அதன் பின்னரே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. பகிடிவதைக்கு ஈராண்டு வரை, கடுங்காயம் விளைப்பின் பத்தாண்டு வரை சிறை. பாடசாலைகளும் அதற்கு உட்பட்டனவே. ஆயினும், வடுவோடு வீடு வரும் பிள்ளையிடம், “வழக்கந்தானே, பொறுத்துக்கொள்” என்கிறோம். சட்டத்தரணிகளாகிய நாமோ, “பிள்ளையின் எதிர்காலம்” என்று கூறிச் சமாதானம் பேசுகின்றோம். எந்தப் பிள்ளையின் எதிர்காலம்?