ஆஸ்பத்திரிக் குழாய்க்கும் கணக்கு வேண்டும்!

நோய் தீரத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்குள்ள தண்ணீரே புது நோயைத் தருமானால், ஏழை எங்கே போவான்?

இது வெறும் பீதியல்ல. 2012 ஜனவரியில், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் 3 பச்சிளங் குழந்தைகள் சூடோமோனாஸ் என்ற கிருமி தாக்கி மாண்டன. கிருமி இருந்த இடம், கைகழுவும் குழாய்! குழாயின் உட்புறத்தில் படியும் வழவழப்பில் அது குடியிருக்கிறது. திடகாத்திரமானவரை அது பெரும்பாலும் அண்டாது. குறைமாதக் குழந்தையையும், தீக்காயம் பட்டவரையும், ஆபரேஷன் ஆனவரையும்தான் வீழ்த்தும். அங்கே விசாரணை நடந்தது, குழாய்கள் மாற்றப்பட்டன, அறிக்கை பகிரங்கமாக வெளிவந்தது.

நம் மாநிலத்தில் நடந்ததென்ன? 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை நிலையத்துக்குப் போனவர்களில் 8 பேர் மூளைக் காய்ச்சலால் இறந்தனர். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி, திறந்து வைத்து மீண்டும் உபயோகித்த ஸலைன் வழியே பரவியதாக ஆய்வாளர்கள் கண்டனர். ஆய்வு அச்சேறியது 2025-ல்தான்!

திண்டுக்கல் சமவெளியோ வெயிலுக்கும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கும் பேர்போனது. வரும்போது பிடித்து மாடித் தொட்டியில் தேக்குவதே இங்கு வழக்கம். வெயிலில் காயும் தொட்டியில் குளோரின் குறையும், கிருமி பெருகும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். வார்டுக் குழாயில் இதை அளப்பது யார்? அந்தக் கணக்கை நோயாளி எங்கே பார்ப்பது?

2022-ல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லது. ஆனால் கட்டிடம் மட்டும் உயிரைக் காக்காது. தண்ணீர் கெட்டால், பழி முதலில் துப்புரவுத் தொழிலாளியின் தலையில்தான் விழும். தொட்டி கழுவப் போதிய ஆளும் மருந்தும் கொடுக்காமல், காண்ட்ராக்ட் கூலிக்கு வேலை வாங்குவோரை யார் கேட்பது?

சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், நாம் கோருவது இதுதான்: தொட்டிகளைக் காலந்தவறாமல் கழுவு! உபயோகமில்லாத குழாய்களையும் தினமும் திறந்துவிடு! கைகழுவும் தொட்டியில் கழிவு நீரைக் கொட்டுவதை நிறுத்து! பிரசவ வார்டு, ஆபரேஷன் வார்டு, டயாலிசிஸ் பிரிவுகளின் தண்ணீரைச் சோதித்து, முடிவை வாசலில் ஒட்டு! துப்புரவுத் தொழிலாளரை நிரந்தரமாக்கு!

ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இக்கோரிக்கையைக் கையிலெடுக்க வேண்டும். அந்த வார்டுகளில் படுத்திருப்பது நம் தாயும் நம் குழந்தையும்தான்.